யார் ஆள்கிறார்கள், எப்படி ஆள்கிறார்கள்: ஃபூக்கோவும் ரேகைச் சட்டமும்

1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பையன்களின் விடுதி, ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் பொறுப்புக்கு வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்ற பிள்ளைகளுக்கான இடம் அது. அங்கே இருந்த ஆசிரியர்கள் பெல்லின் பேச்சுக்கு மசியவில்லை. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தவர், தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு அவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். காரியம் நடந்துவிட்டது.

பெரிய பையன் சின்னப் பையனை மேய்ப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பெல் அதை ஓர் ஒழுங்குமுறையாக வளர்த்தெடுத்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பையன் ஆசான்; அவனைக் கவனிக்க இன்னொருவன்; அவனுக்கும் மேலே ஒருவன். யார் எவ்வளவு படித்தான் என்று தினமும் குறித்து வைக்கப்படும். தப்பு செய்தவன் பெயர் கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பையன்களே நடுவர்களாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். தண்டிக்க வேண்டிய தேவையே குறைந்துபோனது என்று பெல் பெருமையோடு எழுதினார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் ஏறக்குறைய இதே வழியில், ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

இந்தப் பள்ளியில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? பெல் கையில் என்று சொல்லலாம்தான். ஆனால் பெல் அறையில் இல்லாதபோதும் பள்ளி நடக்கிறது. பையன் பையனைப் பார்க்கிறான், புத்தகம் எல்லோரையும் பார்க்கிறது, கடைசியில் ஒவ்வொருவனும் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான். அதிகாரத்தைப் பற்றிய தத்துவங்களில் ஒரு பெரிய திருப்பம், இந்த மாதிரி இடங்களை உற்றுப் பார்த்ததிலிருந்து வந்தது.

அதற்கு முன்னால் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957-இல் தந்த விளக்கம் இன்றும் பாடப் புத்தகங்களில் முதலில் வருவது: ஒருவர் தானாகச் செய்திருக்க மாட்டாத ஒன்றை இன்னொருவர் செய்ய வைத்தால், செய்ய வைத்தவருக்கு அதிகாரம் இருக்கிறது. தெளிவான விளக்கம், அளந்தும் பார்க்கலாம். ஆனால் எதிர்ப்பு வெளியே தெரிந்தால்தான் இந்த அளவுகோல் வேலை செய்யும். கூட்டத்தில் பேச்சே எடுக்கப்படாத விஷயங்கள் என்னாவது என்று 1962-இல் பாக்ராக், பாராட்ஸ் இருவரும் கேட்டார்கள். ஆளப்படுகிறவரின் ஆசைகளையே வடிவமைத்துவிட்டால் எதிர்ப்பு எப்படி வரும் என்று 1974-இல் ஸ்டீவன் லூக்ஸ் கேட்டார். இந்தக் கடைசிக் கேள்வி பழையது. 16-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் லா போயத்தி என்ற இளைஞர், ஒற்றை ஆளான கொடுங்கோலனுக்கு இத்தனை பேர் ஏன் விரும்பி அடிபணிகிறார்கள் என்று திகைத்தார். முசோலினியின் சிறையில் கிடந்த இத்தாலிய மார்க்சியர் அந்தோனியோ கிராம்ஷி, ஆளும் வர்க்கம் போலீஸை மட்டும் நம்பி ஆள்வதில்லை, பள்ளி, தேவாலயம், பத்திரிகை வழியாக ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தையும் சம்பாதிக்கிறது என்று குறிப்பேடுகளில் எழுதினார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதிகாரம் ஒருவரிடமோ ஒரு வர்க்கத்திடமோ இருக்கிற பொருள். யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை.

பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷல் ஃபூக்கோ இந்தக் கேள்வியை ஓரமாக வைத்தார். அவர் கேட்டது: எப்படி நடக்கிறது?

ஃபூக்கோ (1926–1984) புத்தகங்களுக்குள்ளேயே கிடந்து இந்த இடத்துக்கு வரவில்லை. 1971-இல் நண்பர்களோடு சேர்ந்து பிரெஞ்சுச் சிறைகளைப் பற்றித் தகவல் திரட்டும் குழு ஒன்றைத் தொடங்கினார். சிறை வாசலில் கைதிகளைப் பார்க்க வரிசையில் நிற்கும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கைதிகள் வாயாலேயே கேட்டார்கள். சாப்பாடு, குளிர், சோதனை போடுவது, கடிதம் படிக்கப்படுவது. நான்கு வருஷம் கழித்து, 1975-இல், சிறையின் பிறப்பைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. பெரிய கோட்பாட்டு நூலாக இருந்தும் அது இவ்வளவு சின்னச் சின்ன விவரங்களால் நிறைந்திருப்பதற்கு அந்த வரிசைகளும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நூலின் வாதம் இதுதான். 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மன்னர்கள் குற்றவாளியின் உடலை ஊர் நடுவே சிதைத்துத் தங்கள் வலிமையைக் காட்டினார்கள். 1757-இல் பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்திய டாமியன் என்பவரைப் பாரிஸில் குதிரைகளை விட்டுக் கிழித்தார்கள். அடுத்த எண்பது ஆண்டுகளில் அந்தக் காட்சி மறைந்து, நேர அட்டவணை வந்துவிட்டது. எத்தனை மணிக்கு எழுவது, முரசு எத்தனை தடவை ஒலித்தால் வரிசையில் நிற்பது, எத்தனை மணி நேரம் வேலை. மனம் இளகியதால் வந்த மாற்றம் என்று இதை மெச்சிக்கொள்வது வழக்கம். ஃபூக்கோ அதை ஏற்கவில்லை. தண்டனை குறையவில்லை, இன்னும் ஆழமாக, இன்னும் சீராக, வீணாக்காமல் இறங்கக் கற்றுக்கொண்டது என்றார். அதே உத்திகள் படைமுகாம், தொழிற்சாலை, மருத்துவமனை, பள்ளி எல்லாவற்றிலும் இருந்தன. பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குப் பாடம் நடத்தும் அந்தப் பள்ளி முறையும் அவருடைய உதாரணங்களில் ஒன்று.

எல்லோரும் எடுத்துச் சொல்லும் உதாரணம் பனாப்டிகான் என்ற சிறை வடிவம். ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் தம்பி சாமுவேல், இன்றைய பெலாரூஸில் உள்ள கிரிச்செவ் என்ற இடத்தில் ரஷ்ய இளவரசர் ஒருவரின் பண்ணையை நிர்வகித்துக்கொண்டிருந்தார். தொழிலாளிகளை ஒரே இடத்திலிருந்து மேற்பார்க்க வட்டமான கட்டடம் கட்டலாம் என்ற யோசனை முதலில் அவருடையது. பார்க்கப் போன அண்ணன் அதைச் சிறைக்குப் பொருத்தி 1787-இல் கடிதங்களாக எழுதினார், 1791-இல் அச்சானது. வட்டத்தின் விளிம்பில் அறைகள். ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கம் ஒரு ஜன்னல், உள்பக்கம் ஒரு திறப்பு. வெளிச்சம் பின்னாலிருந்து விழுவதால் கைதியின் ஒவ்வோர் அசைவும் நிழலாகத் தெரியும். நடுவே கோபுரம்; அதன் ஜன்னல்களில் தட்டி. உள்ளே காவலாளி இருக்கிறாரா என்று கைதிக்குத் தெரியாது. இருக்கலாம் என்ற நினைப்பே போதும். பெந்தம் நினைத்த சிறையைப் பிரிட்டிஷ் அரசு கடைசிவரை கட்டவே இல்லை. பல ஆண்டுகள் இழுத்தடித்து, அவருக்கு நஷ்ட ஈடு கொடுத்து அனுப்பியது. ஃபூக்கோவுக்கு அது பொருட்டில்லை. அதிகாரம் தன்னைப் பற்றிக் கண்ட கனவின் வரைபடமாக அவர் அதைப் படித்தார்.

இங்கே ஒரு தவறான வாசிப்பு அடிக்கடி வருகிறது. ஃபூக்கோ சொன்னது ‘எல்லா இடத்திலும் கேமரா இருக்கிறது, மாட்டிக்கொண்டோம்’ என்பதாகச் சுருக்கிவிடுகிறார்கள். அவர் அழுத்திச் சொன்னது வேறு. அதிகாரம் தடுப்பதோடு நிற்பதில்லை, உண்டாக்கவும் செய்கிறது. தேர்வு எழுதும்போது மாணவர் ஒரு மதிப்பெண்ணாகவும், ஒரு தரவரிசையாகவும், ‘சுமார்’ என்றோ ‘கெட்டிக்காரன்’ என்றோ ஒரு ஆளாகவும் ஆகிறார். அந்த ஆள் முன்பே இருந்து, அவரைப் பள்ளி கண்டுபிடிக்கவில்லை. பள்ளியின் பதிவேடுதான் அவரை எழுதியது. அப்புறம் அவரே தன்னை அப்படி நினைக்கத் தொடங்குகிறார்.

1978 பிப்ரவரியில் பாரிஸ் உரைகளில் ஃபூக்கோ இன்னொரு படி போனார். உடல் உடலாக ஒழுங்குபடுத்துவது ஒரு வழி. மக்கள்தொகை என்ற மொத்தத்தைக் கணக்கிட்டு நிர்வகிப்பது இன்னொன்று. பிறப்பு, இறப்பு, நோய், விளைச்சல், விலை என்று அரசு எண்ணத் தொடங்கிய பிறகு, ஆள்வது என்றால் கட்டளையிடுவது என்ற நிலை மாறி, மக்கள் தாங்களே ஒரு திசையில் நடக்கும்படி சூழலை அமைப்பதாக ஆகிறது. இதற்கு அவர் கவர்ன்மென்டாலிட்டி என்று பெயர் வைத்தார். பிற்பாடு, 1982-இல், அதிகாரத்தைச் செலுத்துவது என்பதை மற்றவர்களின் நடத்தையை நடத்துவது என்றே சுருக்கமாகச் சொன்னார். அதன் வேர்களில் ஒன்றாக அவர் கண்டது கிறிஸ்தவ மேய்ப்பரை: மந்தை முழுவதையும் காக்க வேண்டும், ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே அறிந்திருக்கவும் வேண்டும். பாவமன்னிப்புக் கூண்டில் தன் மனத்தைத் தானே துருவிச் சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்பது அவர் கணிப்பு.

இந்தியாவில் இதைப் புரிந்துகொள்ள, குடும்பக் கட்டுப்பாடு போதும். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கும் மேலான கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்த கொடுமை அடுத்த தேர்தலிலேயே ஆட்சியைக் கவிழ்த்தது. சுவரிலும் லாரியின் முதுகிலும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று எழுதி, சிவப்பு முக்கோணம் போட்டு, கிராமச் செவிலியர் வீடு வீடாகப் பேசி நடந்தது இன்னொரு விதம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். படிப்பு, வேலை, திருமண வயது, குழந்தை இறப்புக் குறைந்தது என்று பல காரணங்கள் இதற்குப் பின்னால் உண்டு. ஆனால் இன்றைக்கு ஒரு தம்பதியைக் கேட்டால், அரசு சொன்னதால் இரண்டோடு நிறுத்தினோம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வசதிக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு என்றுதான் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஃபூக்கோ பேசும் ஆளுகை நடப்பதும் அந்த இடத்தில்தான்.

இதுவரை சரி. ஆனால் வாளிலிருந்து அட்டவணைக்கு, அட்டவணையிலிருந்து புள்ளிவிவரத்துக்கு என்று ஐரோப்பா நடந்த பாதையை வைத்து மற்ற இடங்களைப் பார்த்தால் இடிக்கிறது. காலனி நாட்டில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. ஒரே நாளில், ஒரே அதிகாரியின் மேஜையில் வந்தன. எனக்குத் தெரிந்து அதற்கு ரேகைச் சட்டத்தை விடத் தெளிவான சாட்சி இல்லை.

ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வட இந்தியாவில் கொண்டுவந்தது. சில சமூகங்கள் பிறப்பிலேயே குற்றம் செய்பவை என்பது அதன் அடிப்படை. 1911-இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1914 தொடங்கிப் படிப்படியாக அது பாய்ந்தது. ஊர்க்காவல் பார்த்து, அதற்கு நெல்லோ பணமோ வாங்குவது அந்தப் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். போலீஸ் தவிர வேறு யாரும் காவல் காக்கக்கூடாது என்று நினைத்த அரசுக்கு, அந்த வழக்கம் மிரட்டிப் பறிப்பதாகப் பட்டது.

சட்டம் செய்தவற்றைப் பாருங்கள். வயதுவந்த ஆண்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்று. பத்து விரல்களின் ரேகையையும் எடு. ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக வை, கையில் சீட்டுக் கொடு. குறித்த நேரத்தில், இரவிலும்கூட, ஆஜராகச் சொல். ரேகையைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் வித்தையும் இந்த மண்ணில் வளர்ந்ததுதான்: வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858-இல் ஒப்பந்தத்தாளில் கைப்பதிவு வாங்கத் தொடங்கினார், ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறைக்கு அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் அதிகாரிகள் உழைத்தார்கள், 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் திறக்கப்பட்டது. பெந்தமின் கோபுரம் காகிதத்திலேயே நின்றுபோனது. இங்கே கோபுரம் இல்லாமலே, மை தடவிய விரலும் ஒரு பதிவேடும் அந்த வேலையைச் செய்தன.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை எடுக்கப் போலீஸ் வந்தது. ஊரார் விரலை நீட்ட மறுத்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஊர் இன்றும் நினைவுகூர்வது 16 பேரை. மாயக்காள் என்ற பெண் அவர்களில் ஒருவர். விரலைப் பதிய வைக்கும் ஒழுங்கும், பதிய மறுத்தவரைச் சுடும் துப்பாக்கியும் ஒரே காலையில், ஒரே கை வழியாக வந்தன. ஃபூக்கோவின் ஐரோப்பியக் கதையில் துப்பாக்கி மெல்லப் பின்னுக்குப் போகிறது. இங்கே அது பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அரசு கள்ளர் சீரமைப்புத் திட்டத்தை விரிவாக்கியது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விவசாயத்துக்கு உதவி, ஊருக்கு ஊர் பஞ்சாயத்து. தன் மக்களைக் கட்டுப்பாட்டில் வைக்கும் பொறுப்பு பஞ்சாயத்தார் தலையில். சட்டாம்பிள்ளை முறை ஊர் அளவுக்கு விரிந்தது என்றே சொல்லலாம். மேய்ப்பரும் போலீஸும் ஒரே கோப்பில் இருந்தார்கள். திட்டத்தின் நோக்கம் ஒளிவுமறைவானதில்லை: களவு செய்யும் சாதி என்று தானே முத்திரை குத்தியவர்களை, உழுது, சேமித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் குடியானவர்களாக மாற்றுவது.

எதிர்ப்பு? அதிகாரம் இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் இருக்கும் என்று 1976-இல் ஃபூக்கோ எழுதினார். அந்த வரியை மந்திரம்போல் திருப்பிச் சொல்பவர்கள் பலர். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று அவர் சரியாக விளக்கவில்லை என்று குறைசொல்பவர்களும் பலர். 1978 மே மாதம் ஆற்றிய ஓர் உரையில் அவர் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். எந்த ஆட்சியுமே வேண்டாம் என்று மக்கள் கிளம்புவது அபூர்வம். இப்படி, இவர்களால், இந்தக் காரணத்தைச் சொல்லி ஆளப்பட மாட்டோம் என்றுதான் கிளம்புகிறார்கள். பெருங்காமநல்லூர் செய்தது அதுதான். நீதிமன்றத்தில் கள்ளர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று அந்த மக்கள் கொண்டாடினார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் இடதுசாரிகளும் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதும் சட்டம் நீங்கியது.

ஃபூக்கோவுக்கு எதிரான மிகக் கூர்மையான விமர்சனத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃப்ரேசர் 1981-இல் கேட்டார்: எல்லாமே அதிகாரம் என்றால், எந்த அதிகாரம் கெட்டது, எது பொறுக்கத்தக்கது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஏன் எதிர்க்க வேண்டும்? ஃபூக்கோவிடம் இதற்கு நேரான பதில் கிடையாது. மனித உரிமை, நீதி போன்ற சொற்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே, போராட்டங்களில் அந்தச் சொற்களைச் சொல்லித்தான் அவரும் கையெழுத்துப் போட்டார். என் பார்வையில் ஃப்ரேசரின் கேள்வி நியாயமானது, தள்ளிவிட முடியாதது. ரேகைச் சட்டத்தை அநியாயம் என்று சொல்ல, அதன் வேலைமுறையை விவரித்தால் மட்டும் போதாது. பிறப்பை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்ற நெறி வேண்டும். அந்த நெறியை ஃபூக்கோ தரமாட்டார். அது எந்தெந்தப் பதிவேட்டில், எந்தக் கனிவான திட்டத்தில் மீறப்படுகிறது என்று காட்டிக்கொடுப்பார். இரண்டும் தேவை.

இன்று ரேஷன் கடையில் ஒரு பாட்டி விரல் வைக்கிறார். கருவி ஏற்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். அப்புறம் அடுத்த விரல். பாத்திரம் தேய்த்தும் களை பறித்தும் ரேகை தேய்ந்துபோனவருக்கு, தான் தான்தான் என்று நிரூபிப்பதே வேலையாகிறது. இதையும் ரேகைச் சட்டத்தையும் ஒன்று என்று சொல்வது தவறு. அது சந்தேகப்பட்டு எடுத்த ரேகை, இது அரிசி கொடுக்க எடுக்கும் ரேகை. ஆனால் உரிமை இயந்திரத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போது யார் யாரிடம் முறையிடுவது என்ற கேள்வி இரண்டிலும் எழுகிறது. கடைக்காரரிடம் கேட்டால் சர்வர் என்பார்.

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன. 2023-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தமிழக அரசு, வெவ்வேறு துறைகளின் கீழ் உள்ள பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தபோது, அந்தப் பகுதியில் எதிர்ப்புக் கிளம்பியது. பள்ளிகளைத் தனியாகவே வைத்திருக்க வேண்டும், கள்ளர் சீரமைப்பு என்ற பெயரும் இருக்க வேண்டும் என்று அந்தச் சமூகத்தினரே கேட்டார்கள். அடக்குவதற்காகத் திறந்த பள்ளிகளில் மூன்று நான்கு தலைமுறை படித்து ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆகியிருக்கிறது. அந்தக் கட்டடங்களைத் தங்கள் முன்னோர் உயிரைக் கொடுத்து வாங்கியவை என்று அவர்கள் சொல்கிறார்கள்.